காக்காய் வலிப்பு: கைக்கெட்டும் மருந்தும் எட்டாத சிகிச்சையும்

மருந்தே இல்லாத நோயால் ஒரு குடும்பம் வருந்துமானால், அதை விதி என்று சொல்லி ஆறுதல் தேடலாம். மருந்து இருக்கிறது, விலையும் மலிவு, ஆயினும் அது நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை என்றால் அதற்கு என்ன பெயரிடுவது? நாட்டு வழக்கில் காக்காய் வலிப்பு எனப்படும் நோயின் கதை இதுவே. கால்-கை வலிப்பு என்பதே மருவிக் காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர். பறவைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் இருக்கிறார்கள். நம் பாரத தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இருக்கக்கூடும் என்பது வைத்திய நிபுணர்களின் கணக்கு. தகுந்த நோய் நிர்ணயமும் தக்க மருந்தும் கிடைத்தால் இவர்களில் பத்துக்கு ஏழு பேர் வலிப்பே வராமல் வாழ முடியும். ஆனால், மிக வறிய நாடுகளில் நாலில் மூன்று பங்கு நோயாளிகளுக்கு உரிய சிகிச்சை கிடைப்பதில்லை. நம் தேசத்திலும், பட்டணங்களில் ஓரளவு குறைந்திருக்கும் இந்தக் குறை, கிராமங்களில் மிகுதியாகவே இருக்கிறது.

நோயின் தன்மை

மூளை என்பது நுண்ணிய மின்சாரத்தால் இயங்கும் உறுப்பு. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஓர் ஒழுங்கில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. சில வேளைகளில் ஒரு பகுதி அணுக்கள் அவ்வொழுங்கை மீறி ஒரே சமயத்தில் கிளர்ச்சி கொள்ளும். அதன் விளைவே வலிப்பு. கிளர்ச்சி மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பி, உடல் விறைத்து, கை கால்கள் வெட்டி இழுக்கும். ஓரிடத்தோடு நின்றுவிட்டால் ஒரு கை மட்டும் துடிக்கலாம். அல்லது பேசிக்கொண்டிருப்பவர் சில கணங்கள் வெறித்துப் பார்த்து, வாயை மெல்லுவதுபோல் அசைத்து, பின் ஒன்றும் நடவாததுபோல் இருக்கலாம். குழந்தைகளிடம் ஒருவகை உண்டு. பாடம் படிக்கையில் சில விநாடிகள் கண் நிலைகுத்தி நிற்கும். ஒரு நாளில் பலமுறை இவ்வாறு நேரும். ஆசிரியர் அக்குழந்தையைக் கவனமில்லாத பிள்ளை என்று தண்டிப்பார். அதுவும் வலிப்பே என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

எல்லா வலிப்பும் இந்நோய் ஆகிவிடாது. சிறு குழந்தைக்குக் கடும் ஜுரத்தில் வரும் வலிப்பு வேறு. வெயிலில் நின்று மயங்கி விழுவது வேறு. வெளிப்படையான காரணம் ஏதுமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறையேனும் வந்தால்தான் பொதுவாக அதை இந்நோய் என்று வைத்தியர்கள் கொள்வர்.

இந்நோய் நமக்குப் புதியதன்று. வடமொழி வைத்திய நூல்கள் இதை அபஸ்மாரம், அதாவது நினைவு நீங்குதல், என்று குறித்தன. தமிழில் இதற்கு முயலகன் என்ற பழம் பெயரும் உண்டு. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகள் முயலகன் நோயால் உணர்விழந்து கிடந்ததையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளைக் குணப்படுத்தியதையும் பெரிய புராணம் கூறுகிறது. அந்தக் கதையில் நாம் மறந்துவிட்ட செய்தி ஒன்று இருக்கிறது. அத்தந்தை தன் மகளை ஒளித்து வைக்கவில்லை. ஊரறியக் கோயிலுக்குக் கொண்டுவந்து உதவி தேடினான். இன்றோ எத்தனையோ வீடுகளில் பெண்ணை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

மருந்தின் கதை

வலிப்பைத் தணிக்கும் மருந்தாக முதலில் பெயர் பெற்றது புரோமைடு. 1857-ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற வைத்தியர் அதன் பயனை எடுத்துரைத்தார். 1912-இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹௌப்ட்மன் என்பவர் பினோபார்பிட்டல் என்னும் உறக்க மருந்து வலிப்பைத் தடுப்பதைக் கண்டார். 1938-இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்னும் இருவர் பெனிடாயின் மருந்தை நிலைநாட்டினர். பின்னர்க் கார்பமசபைன், வால்ப்ரோயேட், லெவெடிரசிட்டம் முதலியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

நூறாண்டைக் கடந்த பினோபார்பிட்டல் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. சிலருக்கு மயக்கம் தரும். சில குழந்தைகளைப் படபடப்பாக்கும். ஆகவே நகரத்து வைத்தியர்கள் புதிய மருந்துகளை நாடுவதில் நியாயம் உண்டு. எனினும், பழைய மருந்துகளால் ஒரு நோயாளிக்கு ஆண்டு முழுவதும் சிகிச்சை அளிக்க 5 அமெரிக்க டாலர் அளவே போதுமானதாக இருக்கலாம் என்று அந்நிறுவனம் கூறுகிறது. நம் பணத்தில் சில நூறு ரூபாய். ஒருமுறை தீபாவளிக்கு ஊர் போய்வரும் செலவில் இது ஒரு சிறு பங்கே.

அறுவை சிகிச்சையிலும் நம்மவர் பின்தங்கியிருக்கவில்லை. 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நம் தேசத்தின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான மூளை அறுவை 1952-இலேயே அங்கு செய்யப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்குத் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களில் இன்று உயர்ந்த சிகிச்சை கிடைக்கிறது.

அறிவு இருக்கிறது, மருந்து இருக்கிறது, நிபுணர்களும் இருக்கிறார்கள். பின் எங்கே தடை? தூரம், இடையறவு, வெட்கம் ஆகிய மூன்றுமே தடை என்பது என் கருத்து.

தூரத்தைக் குறைத்த முயற்சிகள்

நூற்று நாற்பது கோடி மக்களுள்ள தேசத்தில் நரம்பு நோய் நிபுணர்கள் சில ஆயிரம் பேரே. அவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். கிராமத்துக் கூலியாள் ஒருவர் நிபுணரைக் காண வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பஸ் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவரும் கூலியை இழக்க வேண்டும். மருந்தின் விலையைவிட வழிச்செலவு மிகுதி. இரண்டு மாதம் போவார். மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்.

இதற்கு ஒரு வழி உண்டென்று காட்டியவர் பெங்களூரில் பணியாற்றிய நரம்பியல் நிபுணர் டாக்டர் கே. எஸ். மணி. கர்நாடகத்தின் இன்றைய சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது எளந்தூர். 1990-களில் அவரும் அவர் குழுவினரும் அங்கு ஏறக்குறைய 65,000 மக்களிடையே வீடு வீடாகச் சென்று இந்நோயாளிகளைக் கண்டறிந்தனர். பினோபார்பிட்டல், பெனிடாயின் என்னும் இரு பழைய மருந்துகளையே கொண்டு, நோயாளிகளின் ஊரிலேயே சிகிச்சை அளித்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். கிராமச் சூழ்நிலையிலும் இம்மலிவான மருந்துகளால் வலிப்பை நன்கு கட்டுப்படுத்தலாம் என்ற முடிவு 2001-இல் லான்செட் என்னும் உலகப் புகழ் வாய்ந்த வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. நோயாளி மருந்தைத் தேடிப் போகாமல் மருந்து நோயாளியைத் தேடி வந்ததே எளந்தூரின் சிறப்பு.

மற்றொரு முயற்சி தண்டவாளத்தின் மேல் நடப்பது. 1991-இல் மும்பையிலிருந்து புறப்பட்ட லைப்லைன் எக்ஸ்பிரஸ் என்னும் ஆஸ்பத்திரி ரயில், ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களில் நின்று கண், காது, உதட்டுப் பிளவு முதலியவற்றுக்கு அறுவை செய்து வந்தது. தில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்து நரம்பியல் நிபுணர் டாக்டர் மம்தா பூஷண் சிங் அதில் வலிப்பு நோய்க்கான முகாம்களையும் நடத்தலானார். ஆனால் இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். கண்புரையை அகற்றிவிட்டால் ரயில் போகலாம். வலிப்பு நோயோ ரயில் போன பிறகும் நாள்தோறும் மாத்திரை கேட்கும். ஆகவே உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையமும், ஆஷா என்று அழைக்கப்படும் கிராமச் சுகாதாரப் பெண்மணியும் அப்பணியை ஏற்றுத் தொடர்ந்தால்தான் முகாமின் பயன் நிலைக்கும்.

2022-இல் உலக நாடுகள் கூடி ஒரு திட்டம் வகுத்திருக்கின்றன. 2031-ஆம் ஆண்டுக்குள், நோயாளிகளில் 90 சதவிகிதத்தினர் இது சிகிச்சைக்கு உட்பட்ட மூளை நோய் என்று அறிந்திருக்க வேண்டும்; 80 சதவிகிதத்தினருக்குத் தாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைக்க வேண்டும்; சிகிச்சை பெறுவோரில் 70 சதவிகிதத்தினருக்கு வலிப்பு அடங்க வேண்டும். இவற்றில் முதற்குறி அறிவைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். அதற்கு ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. நாம் பேசினாலே போதும்.

இடம் பெயர்ந்தோரும் இடையறவும்

இரண்டாம் தடை, வெளி மாநிலத்தில் வாழும் நம்மவரை நேராகத் தாக்குவது. இந்நோய்க்கான மருந்தை ஒரு வேளையும் தவறாமல் உண்ண வேண்டும். வலிப்பு நின்று குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆன பின்பே, அதுவும் வைத்தியரின் யோசனைப்படி, சிறிது சிறிதாகக் குறைப்பது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் ஒருவர் வேலைக்காகத் தில்லிக்கோ சூரத்துக்கோ வருகிறார். கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோகிறது. ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் விற்கப்படுவதால், இவ்வூர்க் கடைக்காரர் அந்தப் பெயரில் இல்லை என்கிறார். பினோபார்பிட்டல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்தாகையால் டாக்டர் சீட்டின்றிக் கொடுக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பாஷை தெரியவில்லை. நாலு நாள் தள்ளிப்போகிறது. ஐந்தாம் நாள் வேலை செய்யுமிடத்திலேயே வலிப்பு வந்துவிடுகிறது. அதோடு வேலையும் போகிறது. இத்தகைய துன்பங்களில் பலவற்றை முன்யோசனையால் தடுக்கலாம்.

மருந்தின் கம்பெனிப் பெயரோடு அதன் மூலப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பெயர் தேசமெங்கும் ஒன்றே. மக்கள் மருந்தகங்களாகிய ஜன் ஔஷதிக் கடைகளில் மூலப் பெயரைச் சொல்லிக் கேட்டால் குறைந்த விலையில் பெறலாம். ஆனால் ஒரு கம்பெனி மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று. பழைய சீட்டுக்களின் நகலும் கூடவே இருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போது, தங்கப்போகும் நாட்களுக்கு மேல் பத்து நாளுக்கான மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை இருக்கும் பெட்டி இருக்கையின் அடியில் எங்கோ கிடக்க, இரவு வேளை மாத்திரை மறந்துபோவது ரயிலில் சகஜம். அதைக் கைப்பையிலேயே வையுங்கள். தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும். ஆகையால் இரண்டிரவுப் பயணத்தில் நோயாளியைத் தூங்கவிட வேண்டும். மேல் படுக்கை அவருக்கு ஒருபோதும் வேண்டாம்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்நோயை நிர்ணயிப்பதில் இயந்திரப் பரிசோதனையைவிட, வலிப்பைக் கண்ணால் கண்டவர் சொல்லும் வர்ணனையே முக்கியம். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் பரிசோதனை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பகலில் குழந்தையோடு இருப்பவள் தாய். அவளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டருக்கு இந்தி மட்டுமே தெரியும். வலிப்பைக் காணாத தகப்பனார் இடையில் நின்று மொழிபெயர்க்கிறார். விவரம் பாதியும் வழியில் உதிர்ந்துபோகிறது. இந்தியில் இந்நோய்க்கு மிர்கி என்றும், மராட்டியில் அபஸ்மார் என்றும் பெயர். கைபேசியில் வலிப்பைப் படம் பிடித்துக் காட்டினால் எந்தப் பாஷை டாக்டருக்கும் அது விளங்கும். ஒருவர் உதவி செய்ய, மற்றொருவர் படம் பிடிக்கலாம்.

வெட்கம் என்னும் தடை

மூன்றாம் தடை மனத்தில் இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம், அடிக்கடி வலிப்புக்கு உள்ளாவதைச் சித்தப்பிரமையோடு சேர்த்து வைத்து, அத்தகையோரின் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோர இடமளித்திருந்தது. இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தார் விடாது முயன்றனர். 1999-இல் பார்லிமெண்ட் அச்சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கியது. சட்டம் திருந்திவிட்டது; நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு இன்னும் திருந்தவில்லை.

பெண்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. கலியாணப் பேச்சு நடக்கையில் நோயை மறைக்கிறார்கள். புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக்கூடாதென்று மணப்பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். உறக்கம் கெட்ட கலியாண நாட்களில், மருந்தும் இல்லாத உடம்பில், வலிப்பு வருவது வியப்பன்று. மறைத்த பெற்றோர் மகளுக்கு நன்மை செய்ததாகவே எண்ணியிருப்பார்கள். உண்மையை முன்கூட்டிச் சொல்லி, அதை ஏற்கும் குடும்பத்தில் கொடுப்பதே அவளுடைய உயிருக்குக் காப்பு.

இந்நோயுள்ள பெண்கள் தாயாகலாமா என்று அஞ்சுகிறவர்கள் பலர். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் 1998-இல் தொடங்கிய பதிவேடு இத்தகைய தாய்மார்களைப் பின்தொடர்ந்து வருகிறது. பெரும்பாலோர் நல்ல குழந்தைகளையே பெறுகிறார்கள். எனினும் வால்ப்ரோயேட் மருந்து கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆகவே கருத்தரிக்கு முன்பே டாக்டரைக் கண்டு மருந்தை மாற்றுவதுபற்றிக் கேட்டல் வேண்டும். தாமாக நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் கேடு.

வருமுன் காத்தல்

நம் தேசத்தில் வலிப்புக்குக் காரணமாகும் ஒன்றைத் தடுக்கவும் முடியும். பன்றி நாடாப்புழு என்னும் புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் சென்றால், அதன் இளம்பருவம் இரத்தத்தோடு மூளையை அடைந்து சிறு கட்டிகளாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். வேலூர் மாவட்டத்தில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணமெனத் தெரிந்தது. நாங்கள் மாமிசமே தொடுவதில்லை என்று கூறித் தப்ப முடியாது. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தின் வழியாக வெளிவரும் முட்டைகள் கீரையிலும் தண்ணீரிலும் கழுவாத கைகளிலும் இருக்கும். சைவ உணவினருக்கும் இந்நோய் வருவதற்குக் காரணம் இதுவே. பச்சைக் காய்கறிகளை ஓடும் நீரில் நன்கு கழுவுவதும், சமைக்குமுன்னும் உண்ணுமுன்னும் சோப்பால் கை கழுவுவதும், எல்லார்க்கும் கழிப்பிடம் அமைவதும் மூளையையும் காக்கும்.

வலிப்பு வந்தபோது

கையில் சாவியும் இரும்பும் திணிப்பது நம் வழக்கம். செருப்பை முகரச் செய்வது வடக்கத்தியார் வழக்கம். இரண்டாலும் பயனில்லை. வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானே நிற்கும். நின்றபோது கையில் இருந்தது சாவியாகையால் சாவிக்குப் பெயர் வந்தது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலையின் கீழ் மெத்தென்ற துணி வையுங்கள். கழுத்துப் பட்டியைத் தளர்த்துங்கள். முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்கச் செய்யுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். மற்ற நாட்களில் நெருப்பருகிலும் கிணற்றருகிலும் தனியே விடாதிருத்தல், குளியலறைக் கதவை உட்புறம் தாழிடாதிருத்தல் ஆகியன உயிர்காக்கும் வழக்கங்கள்.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்ச் சங்கங்கள் கலைவிழாவும் பொங்கல் விழாவும் நடத்துகின்றன. அதே மண்டபத்தில் ஆண்டுக்கொருமுறை ஒரு மாலை இதற்காக ஒதுக்குதல் அரிதன்று. நவம்பர் 17-ஆம் நாளை நம் தேசத்தில் வலிப்பு நோய் நாளாக அனுசரிக்கிறார்கள், அந்நாளே பொருத்தமானது. ஓர் உள்ளூர் டாக்டரை அழைத்து முதலுதவியைச் செய்து காட்டச் சொல்லலாம். புதிதாக வந்த குடும்பத்தினர் ஆஸ்பத்திரிக்குப் போகையில், இரு பாஷையும் தெரிந்த ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் துணை செல்லலாம். ஒரு காலைப்பொழுதே அதற்கு வேண்டும்.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருபவளின் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஊரில் மாமன் மகனை மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள் என்று கடிதமோ தொலைபேசியோ வந்தால், கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டாம்; போகும் வழியில் சுகாதார நிலையத்திலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணத்தோடு, மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாயா என்ற ஒரு கேள்வியும் போகட்டும். எளந்தூரில் வீடு வீடாகச் சென்றவர்கள் தொடங்கியதும் இத்தகைய ஒரு கேள்வியோடுதான்.